பத்தரை வண்டியும் பல்லி பார்டரும்

மாகறல் போய்வந்த கதையைப் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். அது அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒரு பஸ் நின்றுவிட்டது... அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

தென்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன். பிரின்டர் பேப்பரைத் தின்கிறதாம். ரிப்பேர் பையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் உள்ளே வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன். ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தது.

நீங்களும் போட்டிருப்பீர்கள். துண்டு இல்லாதவர்கள் கர்ச்சீப் போட்டிருப்பீர்கள். ஒருமுறை ஒருவர் செருப்பைப் போட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன் - அதற்குத்தான் மரியாதை அதிகம், யாரும் தொடவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தத் துண்டில் பேர் எழுதியிருக்கிறதா? அதற்கு ரசீது உண்டா? ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஊரே அதற்குக் கட்டுப்படுகிறது. துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இதைவிட எளிய சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

வாலாஜாபாத் தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. டிரைவர் இறங்கினார், மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். அந்த மூடிய விதத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"வேற வண்டி வரும், எறங்குங்க," என்று சொல்லிவிட்டு கண்டக்டர் போன் தேடிப் போனார்.

எல்லோரும் இறங்கிப் பக்கத்து ஸ்டாப்பில் இருந்த புளியமர நிழலுக்குப் போனோம். நான் துண்டை மட்டும் சீட்டிலேயே விட்டு வந்தேன். ஒருவேளை இதே வண்டி கிளம்பிவிட்டால்? ஜன்னல் ஓரம் போய்விடாதா?

நெடுநேரம் கழித்து மாற்று பஸ் வந்தது. அதற்குள் அந்த ஸ்டாப்பில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. மாற்று பஸ்ஸின் கண்டக்டர் இளவயசு, விவரமான ஆள். படியில் நின்று சொன்னார்:

"எண்பத்தேழு பி ஆளுங்க மட்டும் மொதல்ல ஏறுங்க. புதுசா வர்றவங்க கொஞ்சம் நில்லுங்க."

சரியான நியாயம். ஏற்கெனவே இடம் வைத்திருந்தவர்களுக்கு முதல் உரிமை, அவர்கள் உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்கு. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் அசையவில்லை. நிழலில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தோம். அவர் மறுபடி கத்தினார். மறுபடியும் அப்படியே.

கீரைக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார், "ஏம்பா, எங்க வண்டி எப்ப வரும்?"

"இதாம்மா உங்க வண்டி. ஏறுங்க."

"நாங்க பத்தரை வண்டிபா."

"எண்பத்தேழு பி-தாம்மா பத்தரை வண்டி."

"அந்த கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வந்தது பத்தரை வண்டி."

"இப்ப மணி பன்னெண்டாவப் போவுதும்மா."

"பன்னெண்டானா இன்னா? பத்தரை வண்டி பத்தரை வண்டிதானே?"

கண்டக்டர் ஒரு விநாடி அவரையே பார்த்தார். பிறகு கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டார்: "பத்தரை வண்டி ஆளுங்கல்லாம் ஏறுங்கப்பா..."

புளியமர நிழல் மொத்தமாகக் காலியானது.

எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சை ரசித்துக்கொண்டு நின்றவன் கடைசியில்தான் ஏறினேன். பேச்சைக் கேட்டால் காலை மறந்துவிடுவது எனக்குப் பழக்கம். வண்டி நகர்ந்த பிறகுதான் துண்டின் ஞாபகம் வந்தது.

இது நடந்து இரண்டு நாள் கழித்து சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தணிகாசலம் போன் செய்தார்.

தணிகாசலம் டிசைன் சென்டர் நடத்துகிறார். பட்டுப்புடவையின் கரைக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, அதை அட்டையில் துளை போட்டு நெசவாளர்களுக்குக் கொடுப்பது தொழில். அந்த அட்டை தறிமேல் ஏறினால்தான் எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்குத் தெரியும். இதெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

அங்கே மூன்று பேர் உட்கார்ந்து வரைய மூன்று கம்ப்யூட்டர். அவற்றுக்குச் சொந்தமாக ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பியும் கிடையாது. சிக்கனம். எல்லா டிசைனும் உள் அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் - சர்வரில் - இருக்கும். மூன்று பேரும் அங்கிருந்து எடுத்து வேலை செய்து அங்கேயே திருப்பி வைப்பார்கள்.

ஒரே டிசைனை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால்? ஒருத்தர் போட்ட கோபுரத்தின் மேல் இன்னொருத்தரின் மயில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் ஒருவர் திருத்தும்போது சர்வர் அவருக்கு ஒரு 'பூட்டு' கொடுக்கும். பூட்டு கையில் இருக்கிறவர்தான் எழுதலாம். மற்றவர்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர்காரர்கள் இதைப் பூட்டு என்கிறார்கள். என்னைக் கேட்டால் துண்டு என்பேன்.

சரி, போனுக்கு வருகிறேன்.

"சார், பூட்டு தீந்துபோச்சாம் சார்," என்றார் தணிகாசலம்.

"என்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது. பூட்டு ஸ்டாக் இல்லியாம். இன்னிக்குத்தான் புது சர்வர் போட்டோம். அதுக்குள்ள தீந்துடுமா? நாங்க எங்கியும் பூட்டவே இல்லியே."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பரிமளாவின் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'பூட்டு எதுவும் கைவசம் இல்லை.'

"கடத்தெருவுக்கு ஆள் அனுப்பட்டுமா சார்?" என்றார் தணிகாசலம். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசினால் பாதி கிண்டல், பாதி கவலை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிமளா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பல வருடமாக அங்கே வேலை செய்கிறவள். வேலை என்றால், மற்றவர்கள் பேப்பரில் வரைந்து கொடுப்பதைக் கட்டத்தில் ஏற்றுகிற வேலை.

"ஏம்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"எதையாவது தொட்டா போயிடப் போவுதுண்ணா. சேவ் ஆவ மாட்டேங்குது. காலையில ஒருவாட்டி பண்ணேன். அப்ப வாலுகூட வரல."

"வாலா? என்ன வால்?"

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். பல்லி. வரிசையாகப் பல்லிகள். ஒன்று தங்க ஜரிகை, ஒன்று வெள்ளி ஜரிகை. ஒன்றின் வால் வளைந்து போய் அடுத்ததன் கழுத்தைச் சுற்றிக் கொடியாக மாறி, அங்கிருந்து அடுத்த பல்லி பிறக்கிறது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் முகம் சுளித்தேன், பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். நல்ல கரைக்கு அதுதானே அடையாளம்?

"பேப்பர்ல யார் வரைஞ்சு கொடுத்தது?"

"பேப்பரே இல்லண்ணா. நேரா இதுலதான் போட்டேன்."

தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்களே சொல்லுங்க சார். கல்யாணப் புடவை. அதுல பல்லி. கட்டிக்கிற பொண்ணு அலறிக்கினு ஓடும்."

"பெருமாள் கோயில்ல தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியை வரிசையில நின்னு தொட்டுக் கும்புடறாங்க இல்ல மொதலாளி? தொடறதுக்கு ஆவும், கட்டிக்கிறதுக்கு ஆவாதா?"

"தொடறது வேற. பல்லி மேல வுழுந்தா பஞ்சாங்கம் பாக்கற ஊர் இது. முந்தில போட்டா நேரா தோள்ல வுழும். தோள்ல வுழுந்தா இன்னா பலன்னு அந்தப் பொண்ணு ஆத்தா கேப்பா. நீ பதில் சொல்லுவியா?"

"வுழுந்த தோஷம் போவத்தானே தங்கப் பல்லியைத் தொடறாங்க? தோஷமும் அதுவே, பரிகாரமும் அதுவே. ஒரே புடவையில ரெண்டும் முடிஞ்சுபோச்சு."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். "இதாண்ட பேசி ஜெயிக்க முடியாது சார்."

விஷயம் இதுதான். மறுநாள் காலையில் பெண் வீட்டார் டிசைன் பார்க்க வருகிறார்கள். மோகன் என்ற இன்னொரு டிசைனர் அன்னப்பட்சி கரை போட்டு முடித்துவிட்டான். அது எப்போதும் ஓடுகிற சரக்கு. பரிமளா கெஞ்சிக் கேட்டதால், 'இன்னிக்குள்ள முடிச்சா இதையும் சேத்துக் காட்டறேன், இல்லன்னா அன்னம்தான்' என்று தணிகாசலம் ஒத்துக்கொண்டிருக்கிறார். அவள் பேரைச் சொல்லி அங்கிருந்து இதுவரை ஒரு டிசைனும் போனதில்லை. இது போனால் முதல் தடவை. போகாவிட்டால்... திரும்ப ஒரு தடவை அவர் ஒத்துக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை, பரிமளா உட்பட.

அந்தப் பல்லிகள் அத்தனையும் அப்போது அந்தத் திரைக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தன. ஆஃப் பண்ணினால் காற்று. பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சேவ் ஆன டிசைன்தான் பிரின்ட் ஆகுமாம்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.

"யூ.பி.எஸ். இருக்கு இல்ல?" என்றேன்.

"இருக்குது சார்," என்றார் தணிகாசலம். "பேருக்கு இருக்குது."

புது சர்வரைப் போட்ட இன்ஜினியர் மத்தியானமே சென்னை திரும்பிவிட்டார். நல்ல பையன்தான். பழைய சர்வரில் இருந்ததை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் புதுசுக்கு மாற்றிவிட்டு, 'எல்லாம் ஸ்மூத்தா மூவ் ஆயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன் செய்தேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். அந்த மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சரியாயிடும்."

அதைப் பரிமளாவிடம் சொன்னேன்.

"சரியாயிடும்ணா. யாருக்கு வைத்தியம் பாத்தாங்களோ அந்த ஆள் மட்டும் இருக்க மாட்டாரு," என்றாள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால் எனக்கு முதலில் தோன்றியதைச் செய்தேன். பூட்டு தீர்ந்துவிட்டது என்று சொல்கிறதே, யாராவது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லையோ? சர்வரில் போய்ப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. பூட்டு கொடுக்கிற புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். மாற்றமில்லை. துணிந்து சர்வரையே நிறுத்தி ஓட்டினேன். பரிமளாவின் திரை கொஞ்ச நேரம் உறைந்து நின்று, பிறகு உயிர் வந்தது. பல்லிகள் பத்திரம். சேவ் கொடுத்தாள். கைவசம் இல்லை.

மோகனை அழைத்து, அவன் சீட்டில் ஏதாவது ஒரு டிசைனைச் சேவ் பண்ணச் சொன்னேன். உடனே ஆனது. மூன்றாவது சீட்டிலும் பார்த்தேன். அங்கேயும் ஆனது.

அப்படியானால் பூட்டு தீரவில்லை. இவளுக்குத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறது. ஏன்?

"பல்லின்றதால சார்," என்றார் தணிகாசலம். "சர்வருக்கே பிடிக்கல."

டீ வந்தது. குடித்துக்கொண்டே மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே சாமான், ஒரே வயர், ஒரே சர்வர். என்ன வித்தியாசம்?

மோகனின் திரை ஓரத்தில் 'சீட் மூன்று' என்று எழுதியிருந்தது.

"எப்பவும் இப்படித்தான் காட்டுமா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். காலைல வரைக்கும் மயில்கண். சாப்ட்டு வந்து ஆன் பண்ணேன், மாறிக்கீது."

"மயில்கண்ணா?"

பரிமளா திரும்பாமலே சொன்னாள். "கம்ப்யூட்டருங்களுக்கு நான் வச்ச பேருண்ணா, எல்லாம் புடவை டிசைனுங்க. அவன்து மயில்கண், அந்தாண்ட இருக்கறது ருத்ராட்சம், என்னுது மல்லிமொக்கு. அந்த இன்ஜினியர் இன்னா சொன்னாருன்னா, இதெல்லாம் ஒரு பேரா, நம்பர்தான் நீட்டா இருக்கும்னாரு. நான் சாப்பாட்டுக்குப் போறப்ப ஆஃப் பண்ணல. அதான் என்னுது இன்னும் மல்லிமொக்காவே கீது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

எண்பத்தேழு பி ஆளுங்க மட்டும் ஏறுங்க... நாங்க பத்தரை வண்டிபா.

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். சர்வர் ஒருவருக்குப் பூட்டு கொடுத்தால், பிறகு அவரைக் கூப்பிட வேண்டிவரும். சர்வர் ஒருவேளை நின்று திரும்ப எழுந்தால், 'முன்னாடி இடம் வைத்திருந்தவர்கள் வந்து சொல்லுங்கள், புதியவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்' என்று அந்தக் கண்டக்டர் மாதிரியே கூப்பிடும். அதனால் பூட்டு கொடுக்கும்போதே ஆள் யார், என்ன பேர், கூப்பிட்டால் வருவாரா என்று பார்த்துக்கொள்கிறது. புது சர்வருக்குத் தெரிந்தது சீட் ஒன்று, இரண்டு, மூன்று. இங்கே ஒருத்தி வந்து நிற்கிறாள். பேர் என்ன? மல்லிமொக்கு. அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே... கூப்பிட முடியாத ஆளுக்குப் பூட்டு கொடுத்து நான் என்ன செய்ய? கைவசம் இல்லை, போ.

பொய்தான். ஆனால் நாமும் தெரியாத ஆள் வந்து கடன் கேட்டால் அப்படித்தானே சொல்கிறோம்?

சாமான் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. கூப்பிடுகிற பேர் மட்டும் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகும் என்று இன்ஜினியர் சொன்னதும் தப்பில்லை. ஆன் ஆகும்போது புதுப் பேரை வாங்கிக்கொள்ளும். ஆனால் பேரை மாற்றிக்கொள்ள அது ஒருமுறை செத்துப் பிழைக்க வேண்டும். பல்லிகள் பிழைக்காது.

அப்படியானால் சீட்டை ஏன் மாற்ற வேண்டும்? சர்வருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் புதுப்பேர் வைத்தாலும், பிறந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் பழைய பேரைச் சொல்லித்தானே கதவைத் தட்டுவார்கள்?

உள் அறைக்குப் போனேன். எந்த சீட்டுக்கு என்ன பேர் என்று சர்வரில் எழுதியிருக்கும் இடத்தில், சீட் இரண்டுக்குப் பக்கத்தில் மல்லிமொக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அர்த்தம். என் வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

வெளியே வந்து, "இப்ப கொடும்மா," என்றேன்.

பரிமளா உடனே கொடுக்கவில்லை. கையை மடியிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மவுஸைப் பிடித்தாள்.

திரையில் எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டரில் எதுவும் வராமல் இருப்பதுதான் பெரும்பாலும் நல்ல செய்தி. அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை சேவ் பண்ணினாள். மோகன் தன் சீட்டில் திறந்து பார்த்து, "வால் வந்துட்ச்சுக்கா," என்றான். அப்புறம்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அன்றைக்கு மழையும் வரவில்லை, கரண்டும் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

மறுநாள் காலையில் நான் அங்கே இருந்தேன். மற்ற இரண்டு சீட்டின் பழைய பேரையும் சேர்த்துவிடலாம் என்று போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், அது சாக்கு. பெண் வீட்டார் வந்தார்கள். முதலில் அன்னம். 'நல்லாத்தான் இருக்குது' என்றார்கள். அந்த 'தான்'-இல் ஒரு கொட்டாவி இருந்தது. பிறகு பல்லி. பிரின்ட்டை மேஜைமேல் விரித்தார்கள்.

 தணிகாசலம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா கையை நீட்டி, பேப்பரில் இருந்த தங்கப் பல்லியைத் தொட்டார். அடுத்து வெள்ளிப் பல்லியைத் தொட்டார். கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

"இதுவே இருக்கட்டும்மா," என்றது பெண். "கரையில மட்டும். முந்தில வேணாம். தோள்ல வுழும்."

தணிகாசலம் பரிமளாவைப் பார்த்தார். 'நான் சொன்னேன் பார்' என்று ஒரு பார்வை. பரிமளா அவரைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பார்வை.

அவர்கள் போனபிறகு தணிகாசலம் வியாபாரியாகிவிட்டார். "பரிமளா, அட்டை போட்டுடு. ஆனா பில்லுல பல்லி கில்லின்னு எழுதாத. வேற எதனா நல்ல பேரா மாத்திடலாம்."

"வேணாம் மொதலாளி," என்றாள் பரிமளா. "பேர மாத்தினா மறுபடியும் பூட்டு கெடைக்காது."

பில்லில் பல்லி பார்டர் என்றே பேர் நின்றுவிட்டது. அடியில் 'டிசைன்: பரிமளா' என்றும் இருக்கிறது. நான் பார்த்தேன்.

என் துண்டு? அந்தப் பழைய பத்தரை வண்டி எந்த டெப்போவில் நிற்கிறதோ, அதில் யாரையும் உட்காரவிடாமல் இன்னும் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது.